உடலின் ஊர்க்காவலர்



காலை வேளையில் கோரிமேட்டுப் பக்கம் செல்லும் பேருந்தில் ஏறியவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். துணிப்பைக்குள் மருத்துவச் சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஜிப்மர் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்குவதற்காகத் தாய்மார் பலர் அமர்ந்திருப்பார்கள். அவர்களுள் சிலருடைய கைவிரல்கள் வீங்கிக் கோணியிருக்கும். பேருந்தின் கம்பியைப் பிடிக்கவும் அந்த விரல்கள் மடங்கா. பள்ளிக்குப் புறப்படும் மகளுக்குத் தலை பின்னிவிடுவதுகூட அவர்களுக்குப் பெரும்பாடு.

"வயதானால் வரும் மூட்டுவலிதானே!" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர்களுள் பலர் முப்பது, நாற்பது வயதைத் தாண்டாதவர்கள். அவர்களை வாட்டுவது தேய்மானம் அன்று. நோயிலிருந்து காக்க வேண்டிய படையே தன் வீட்டைத் தாக்குவதால் வரும் துன்பம் அது. இதனைத் தன்னுடல் தாக்கு நோய் என்பர். நம் பாட்டிமார் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதம் இவ்வகையைச் சேர்ந்தது. கன்னங்களில் பட்டாம்பூச்சி விரித்தாற்போலச் செந்நிறத் தடிப்பை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும் லூப்பஸ் என்னும் நோயும் இவ்வகையதே. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. லூப்பஸ் நோயாளிகளில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். ஆகவே, பெண்களாகிய நாம் இதைப் பற்றி அறிந்துகொள்வது கடமையல்லவா?

உடலின் படையில் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் அண்மைக் காலத்தில் அறிஞர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்த ஒரு பிரிவைப் பற்றி இங்கே காண்போம். அதன் பெயர் இயற்கைக் கொல்லி அணுக்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்!

காவலர் யார்?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் நிணநீர் அணுக்கள் என்றொரு வகை உண்டு. அவற்றுள் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இயற்கைக் கொல்லி அணுக்கள். எலும்பு மச்சையில் பிறந்து, இரத்தத்திலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் இவை சுற்றி வருகின்றன.

மற்ற நிணநீர் அணுக்கள் ஒரு பகைவனை முதன்முறை கண்டால் உடனே போரிடத் தெரியாதவை. அவனை அடையாளம் கண்டு, பயிற்சி பெற்று, பெருகி வருவதற்குச் சில நாட்கள் ஆகும். இயற்கைக் கொல்லி அணுக்களுக்கோ அத்தகைய முன்பயிற்சி தேவையில்லை. நச்சுயிரி புகுந்த அணுவையோ புற்றாக மாறிய அணுவையோ கண்டால், சில மணி நேரத்திலேயே அழித்துவிடும். இவற்றினுள்ளே சிறு சிறு பொதிகள் இருக்கின்றன. அவற்றில் பெர்ஃபோரின் என்னும் புரதமும் கிரான்சைம் என்னும் நொதிகளும் நிறைந்துள்ளன. பெர்ஃபோரின் பகையணுவின் சுவரில் துளையிடும். கிரான்சைம் உள்ளே நுழைந்து, அந்த அணு தன்னைத் தானே முடித்துக்கொள்ளும்படி செய்யும்.

இவற்றை 1975ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள கரோலின்ஸ்கா நிலையத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஏவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் கண்டறிந்தனர். அதே காலத்தில் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மேன் குழுவினரும் கண்டனர். பயிற்சி பெறாத எலியின் அணுக்களும் புற்றணுக்களைக் கொல்வதைப் பார்த்தபோது, ஆய்வில் ஏதோ பிழை நேர்ந்திருக்கும் என்றே அக்காலத்தில் பலர் கருதினர். பிழை என்று ஒதுக்கியதே பின்னர் பெரும் உண்மையாயிற்று. மேற்சொன்ன மூவருள் ஏவா க்ளைன் ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை. ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிப் பிழைத்து, ஸ்வீடன் சென்று அறிவியலுக்குத் தொண்டாற்றியவர் அவர்.

அடையாளச் சீட்டு எங்கே?

நிற்க. இந்தக் காவலர் நம் சொந்த அணுக்களைக் கொல்லாமல் விடுவது எப்படி?

நம் புதுவைக் கடற்கரைச் சாலையில் சிவப்புத் தொப்பி அணிந்த காவலர் ஒருவர் இரவில் சுற்றி வருவதாகக் கற்பனை செய்துகொள்வோம். எதிரே வருபவரிடம் அடையாளச் சீட்டைக் கேட்கிறார். சீட்டு இருந்தால் போக விடுகிறார். சீட்டும் இல்லை, கையில் கன்னக்கோலும் இருக்கிறது என்றால் பிடித்துக்கொள்கிறார்.

நம் அணுக்களின் மேற்பரப்பிலும் அத்தகைய அடையாளச் சீட்டு உண்டு. அதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். இதைக் கண்டறிய வழி வகுத்தவர் பாரிஸ் நகர மருத்துவ அறிஞர் ழான் தொசே. 1958ஆம் ஆண்டில் அவர் இவ்வகையின் முதல் அடையாளத்தை விவரித்தார். அதற்காக 1980ஆம் ஆண்டில் வேறிரு அறிஞர்களுடன் நோபல் பரிசு பெற்றார்.

நச்சுயிரிகளும் புற்றணுக்களும் தந்திரம் மிக்கவை. மற்ற படைவீரர்களின் கண்ணில் படாதிருக்க, இந்தச் சீட்டை அவை ஒளித்துவிடுகின்றன. ஆனால் சீட்டு இல்லை என்பதையே இயற்கைக் கொல்லி அணு ஐயத்திற்குக் காரணமாகக் கொள்கிறது! இந்தக் கருத்தை 1981ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் முன்வைத்தவர் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த க்ளாஸ் கேரே. 1986ஆம் ஆண்டில் எலிகளின் புற்றணுக்களைக் கொண்டு அவரும் அவருடைய தோழர்களும் அதை மெய்ப்பித்தனர்.

சீட்டு மட்டும் போதாது. காவல் அணுவின் மேல் இருவகை உணர்விகள் உள்ளன. ஒரு வகை, 'நில், கொல்லாதே' என்று தடுப்பது. மற்றொரு வகை, 'பாய்ந்து தாக்கு' என்று தூண்டுவது. தூண்டும் உணர்விகளுள் என்.கே.ஜி.2டி. என்பது முக்கியமானது. நெருக்கடிக்கு ஆளான அணுக்கள் தம் மேற்பரப்பில் காட்டும் அபாயக் கொடியை அது கண்டுகொள்ளும். தடுப்பும் தூண்டலும் துலாக்கோலின் இரு தட்டுகள் போல நிற்கின்றன. எந்தத் தட்டு தாழ்கிறதோ அதன்படி அணுவின் செயல் அமைகிறது. என்னே படைப்பின் நுட்பம்!

குறைந்தாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம்

துலாக்கோல் சாய்ந்தால் என்னவாகும்?

முதலில் குறைவைப் பார்ப்போம். இயற்கைக் கொல்லி அணுக்களே இல்லாத பருவ வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி 1989ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். சின்னம்மை போன்ற, ஹெர்ப்பிஸ் குடும்பத்து நச்சுயிரிகளால் வரும் நோய்கள் அவளை மீண்டும் மீண்டும் கடுமையாகத் தாக்கின. மற்றவர்களிடம் பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும் நோய்கள் அவளுக்கு உயிர் ஆபத்தாயின.

குறைவே பெருந்தீயை மூட்டுவதும் உண்டு. சில குழந்தைகளுக்குப் பெர்ஃபோரின் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் பிறவியிலேயே குறை இருக்கும். இது 1999ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவர்களுடைய கொல்லி அணுக்கள் பகையணுவைப் பற்றிக்கொள்ளும். ஆனால் கொல்ல இயலாது. போர் முடியாததால் மேலும் மேலும் படைகள் வரவழைக்கப்படும். விழுங்கும் அணுக்கள் வெறிகொண்டு உடலின் இரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். தணியாத காய்ச்சல், கல்லீரல் மண்ணீரல் வீக்கம், இரத்த அணுக் குறைவு ஆகியவை தோன்றும். ஹெச்.எல்.ஹெச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கொடிய நிலை இது. மரபணுக் குறை இல்லாதவர்களுக்கும் டெங்கு, ஸ்க்ரப் டைபஸ், காலா அசார் போன்ற காய்ச்சல்களை ஒட்டி நம் நாட்டில் இது வருவதுண்டு. ஆதலால், விடாத காய்ச்சலை 'சாதாரண சுரம்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாகாது.

இனி மிகுதியைப் பார்ப்போம். முடக்குவாதத்தில் மூட்டின் நீருக்குள் கொல்லி அணுக்கள் குழுமுகின்றன. அங்கே இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்து அழற்சியை வளர்க்கின்றன. அதே நேரத்தில் இரத்தத்தில் அவற்றின் வலிமை குன்றிக் காணப்படுவதும் உண்டு. லூப்பஸ் நோயாளிகள் பலரிடம் இவற்றின் எண்ணிக்கையும் கொல்லும் திறனும் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தலைதெறிக்க ஓடும் மற்றப் படைவீரர்களை அழித்து ஒழுங்குபடுத்துவதும் இவற்றின் வேலையாதலால், குறைவும் நோய்க்குத் துணையாகிறது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில், அளவு மீறினாலும் அளவு குன்றினாலும் நோய் உண்டாகும் என்ற கருத்தை வள்ளுவர் வைத்தார். வாதம், பித்தம், ஐயம் பற்றிச் சொன்ன அந்த உண்மை, அவர் அறியாத இந்த அணுக்களுக்கும் பொருந்துகிறதன்றோ!

நம் ஊரில் நடந்த ஆய்வு

இந்த ஆராய்ச்சி ஸ்டாக்ஹோமிலும் பாரிசிலும் மட்டும் நடப்பதன்று. பிரெஞ்சுக்காரர்கள் 1823ஆம் ஆண்டில் நம் ஊரில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினர். 1956ஆம் ஆண்டில் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாயிற்று. 1964ஆம் ஆண்டில் ஜிப்மர் என்னும் பெயரைப் பெற்றது. அங்கே இப்போது நோய்த் தடுப்பியலுக்கெனத் தனி மருத்துவத் துறை இயங்கி வருகிறது.

அத்துறையினரும் பாரிஸ் ஆய்வாளர்களும் இணைந்து, தென்னிந்தியத் தமிழரிடையே முடக்குவாதம் வந்தோரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். மேலே நாம் கண்ட என்.கே.ஜி.2டி. உணர்வியின் மரபணுவில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடுகள் உண்டு. நோய் வருவதற்கும் அதன் கடுமைக்கும் இவ்வேறுபாடுகளில் சிலவற்றோடு தொடர்பு இருப்பதாக 2017ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். மருந்துகள் பெரும்பாலும் ஐரோப்பியரிடமும் அமெரிக்கரிடமும் சோதிக்கப்பட்டு நம்மிடம் வருகின்றன. நம் மக்களின் துலாக்கோல் எப்படி அமைந்துள்ளது என்று தெரிந்தால்தான், யாருக்கு எந்த மருந்து என்று நாளை தீர்மானிக்க இயலும். ஆய்வுக்காகக் கையை நீட்டிச் சில மில்லி இரத்தம் தந்த எளிய மக்களுக்கும் இதில் பங்குண்டு.

கடிவாளம் இடும் வழிகள்

கொல்லி அணுக்களை அடக்கியோ ஏவியோ நோயைத் தீர்க்க மருத்துவர்கள் கையாளும் வழிகளை இனிக் காண்போம்.

முதல் வழி, அடக்குதல். நெடுங்காலமாக வழங்கி வரும் ஸ்டீராய்டு மருந்துகள் படைகள் அனைத்தையும் ஒருசேர அடக்குகின்றன. கொல்லி அணுக்களும் அவற்றுள் அடங்கும். 2012ஆம் ஆண்டில் முடக்குவாதத்திற்கென அமெரிக்காவில் ஏற்கப்பட்ட டோஃபாசிட்டினிப் என்னும் மாத்திரை, அணுக்களுக்குள் செல்லும் கட்டளைகளை இடைமறிக்கிறது. கொல்லி அணுக்கள் வாழவும் வளரவும் வேண்டிய கட்டளையும் அவற்றில் ஒன்று. மூட்டுவீக்கம் தணிகிறது. ஆனால் இம்மருந்து உண்போருக்கு அக்கி மிகுதியாக வருகிறது. சின்னம்மை நச்சுயிரி உடலில் ஒளிந்திருந்து மீண்டும் எழுவதுதான் அக்கி. காவலர் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. கிராமத்தில் குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்வார்கள். இம்மருந்து உண்பவர்களோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரண்டாம் வழி, ஏவுதல். ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து ஓர் எதிர்ப்புரதம். கேடு செய்யும் எதிர்ப்புரதங்களுக்கு மூலமான பி அணுக்களின் மேல் அது போய் ஒட்டிக்கொள்ளும். கொல்லி அணு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பி அணுவை அழிக்கும். மருந்து அடையாளம் காட்டுகிறது. தண்டனையை நம் காவலர் நிறைவேற்றுகிறார்! இது புற்றுநோய்க்கு 1997ஆம் ஆண்டிலும் முடக்குவாதத்திற்கு 2006ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்திலுள்ள டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதற்கு இணையான மருந்தை நம் நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது.

மூன்றாம் வழி, பெருக்குதல். இதன் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை. நரம்பின் உறையை உடற்படையே அரிக்கும் மல்ட்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நோய்க்கு டாக்ளிசுமாப் என்ற மருந்து 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏற்கப்பட்டது. அது கொல்லி அணுக்களின் ஒரு பிரிவைப் பெருகச் செய்தது. அவை வெறிகொண்ட படைவீரர்களை அழித்தன. நோயும் தணிந்தது. அறிஞர்கள் மகிழ்ந்தனர். ஆனால் சிலருக்குக் கல்லீரல் கெட்டது, சிலருக்குக் கடுமையான மூளை அழற்சி கண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் அம்மருந்து உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஓரிடத்தில் நன்மை செய்யும் காவலர் வேறிடத்தில் என்ன செய்வார் என்பதை முன்கூட்டி அறிவது அவ்வளவு கடினம்.

நான்காவது, புது வழி. தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து கொல்லி அணுக்களை எடுத்து, குறிப்பிட்ட இலக்கை மட்டும் தாக்கும்படி ஆய்வுக்கூடத்தில் மாற்றி, நோயாளிக்குச் செலுத்துவது. இரத்தப் புற்று வகைகளுக்காக அமெரிக்காவில் 11 பேருக்கு இவ்வாறு செய்ததில் 8 பேருக்குப் பயன் கிடைத்தது என 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர். இப்போது லூப்பஸ் நோயாளிகள் சிலரிடமும் இம்முறையைச் சோதித்து வருகிறார்கள். இது இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. இப்போதே இதனால் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வோரை நம்பலாகாது.

தாயின் கருவறையில்

பெண்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. கரு உருவாகும் தொடக்க மாதங்களில் தாயின் கருப்பைச் சுவரில் உள்ள வெள்ளை அணுக்களில் பெரும்பகுதி இயற்கைக் கொல்லி வகையே. குழந்தையின் அணுக்களில் பாதி அடையாளம் தந்தையுடையது. எனினும் அந்தக் காவலர் குழந்தையைத் தாக்குவதில்லை. மாறாக, கருவுக்கு இரத்தம் தாராளமாகச் செல்லும்படி தாயின் இரத்தக் குழாய்களை விரிவாக்க உதவுகின்றனர். வாளேந்திய காவலர் தொட்டிலாட்டும் செவிலியாக மாறும் இடம் தாயின் கருவறை!

இதை அறியாமல், "உங்களுக்குக் கொல்லி அணு அதிகம், அதனால்தான் கரு தங்கவில்லை" என்று சொல்லி, இரத்தச் சோதனைக்கும் விலையுயர்ந்த ஊசிகளுக்கும் ஏழைத் தம்பதியரை அலைக்கழிப்போரும் உலகில் உண்டு. கையிலிருந்து எடுக்கும் இரத்தத்திலுள்ள அணுவும் கருப்பையிலுள்ள அணுவும் ஒன்றல்ல. அத்தகைய சிகிச்சையால் பயன் உண்டு என்பது நிறுவப்படவும் இல்லை. பெயரில் 'கொல்லி' என்று இருப்பதனாலேயே ஒரு தாய் தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இந்நோய் உள்ளவர்களுக்கு நாம் எவ்வாறு உதவலாம்?

'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று விற்கும் பொடிகளையும் லேகியங்களையும் அவர்களுக்கு வாங்கிக் கொடுக்காதிருப்போம். அவர்களுடைய துன்பம் சக்திக் குறைவு மட்டுமன்று, சமன் குலைவு. மருத்துவரைக் கேளாமல் எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

முடக்குவாதத்திற்குப் பலருக்கும் தரப்படும் மீத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்திற்கு ஒரே நாள் உண்ண வேண்டியது. தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. எழுத்தறியாத பாட்டிக்கும் அத்தைக்கும் நாள்காட்டியில் அந்தக் கிழமையை வட்டமிட்டுக் கொடுப்பது நம்மால் ஆகாத செயலா? அவ்வாறே, ஸ்டீராய்டு மாத்திரையை 'வலி போய்விட்டதே' என்று திடீரென நிறுத்துவதும், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்பதும் பெருந்தீங்கு. காலையில் எழும்போது விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்திற்கு மேல் இறுகியிருந்தால், எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். தொடக்கத்திலேயே மருந்து கிடைத்தால் விரல்கள் கோணாமல் காக்கலாம்.

நமக்கும் ஒரு சொல். ஓர் இரவு பாதித் தூக்கத்தை இழந்தாலும் மறுநாள் கொல்லி அணுக்களின் திறன் குறைகிறது என்று 1994ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தேர்வுக்கு முன் விடிய விடிய விழிக்கும் தோழியர் கவனிப்பார்களாக! 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மருத்துவ மாணவர் 75 பேரின் இரத்தத்தைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பும், தேர்வு தொடங்கிய நாளிலும் சோதித்தனர். தேர்வு நாளில் கொல்லி அணுக்களின் திறன் தாழ்ந்திருந்தது. அதிலும், தனிமையை மிகுதியாக உணர்ந்த மாணவர்களிடம் அது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

தோழியரே, இந்தக் கடைசிச் செய்தியை நாம் மறவாதிருப்போம். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், நாம் அனைவரும் ஒரே உடலின் உறுப்புகள் என்றும், ஓர் உறுப்பின் துன்பம் எல்லா உறுப்புகளின் துன்பம் என்றும் கற்பித்தார். மருந்து தருவது மருத்துவர் பணி. காவலரை அடக்கவும் ஏவவும் அறிவது அறிஞர் பணி. நோயுற்றவரைத் தனிமையில் விடாதிருப்பது நம் பணி. அடுத்த முறை கோரிமேட்டுப் பேருந்தில் கம்பியைப் பிடிக்க இயலாத ஒரு தாயைக் கண்டால், எழுந்து நம் இருக்கையைத் தருவோம். அவர் கையிலுள்ள பையை வாங்கிக்கொள்வோம். இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுவோம்.